மெதுவாக ஓடிய டிரம்

என் மனைவிக்கு உலோகத்தை உடைப்பதுதான் வேலை. காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறாள். விரல் நீளமுள்ள எஃகுத் துண்டை இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவில் மாட்டி, இழுத்து விட்டு, மறுபடி இழுத்து விட்டு, அது எப்போது உடைகிறது என்று பார்ப்பாள். ஒரே இழுப்பில் உடைத்துவிடும் அளவுக்கு விசை தருவதில்லை. அந்த விசையை அந்தத் துண்டு ஆயிரம் முறை சுலபமாகத் தாங்கும். லட்சம் முறையும் தாங்கலாம். பிறகு ஒரு நாள் தாங்காது.

கல்யாணமான புதிதில் ஒரு முறை அந்த இயந்திரங்களைப் போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் துண்டு வெறுங்காற்றில் நின்றது. இன்னொன்றில் அதே கம்பியிலிருந்து வெட்டிய துண்டு, கண்ணாடிக் கோப்பையில் உப்புத் தண்ணீருக்குள் மூழ்கி நின்றது. இரண்டுக்கும் ஒரே இழுப்பு. சில நாள் கழித்து, என்ன ஆயிற்று என்று சாப்பிடும்போது கேட்டேன். "காத்துல இருக்கறது இன்னும் ஓடுது. தண்ணியில இருந்தது போய்டுச்சு" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

வேலூரில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் துணை ஆசிரியராக இருக்கிறேன். அந்த வாரம் இதை ஞாயிறு இணைப்புக்கு ஒரு சிறு கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இதுல மனுஷங்க எங்க?" என்று திருப்பிக் கொடுத்தார். நியாயமான கேள்வியாகத்தான் அப்போது பட்டது.

மனைவியின் தம்பிக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. டிரம் ஆப்பரேட்டர். டிரம் என்றால் ஓர் ஆள் நின்றாலும் மேல் விளிம்பு எட்டாத மரப்பீப்பாய். படுத்த நிலையில், இரண்டு பக்கமும் இரும்பு அச்சில் தொங்கிக்கொண்டு சுற்றும். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் புரளும். முதலில் சுண்ணாம்பு, பிறகு உப்பும் அமிலமும், அதற்குப் பிறகு குரோம். உப்பும் அமிலமும் போடுகிற கட்டத்துக்கு அங்கே பிக்கிள் என்றே பெயர். "உங்க வீட்ல மாங்காய் ஊறுகாய், எங்க கம்பெனியில மாட்டு ஊறுகாய்" என்று மச்சான் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்கா கதவருகிலேயே சோப்பை நீட்டுவாள். "நீ குளிக்காம என் சோபாவுல உக்காராத." "பழகிக்கோ அக்கா, உன் செருப்பும் இதே வாசனைலதான் பொறந்துச்சு."

அவளைவிட எட்டு வயது சின்னவன். அம்மா இறந்த பிறகு இவள்தான் வளர்த்தாள். அதிகம் சொல்ல மாட்டாள். அவன் போன் இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லையென்றால் மூன்றாவது முறை என் போனிலிருந்து அடிப்பாள்.

சென்ற ஆயுதபூஜைக்கு அவன் எங்களைக் கம்பெனிக்கு அழைத்தான். முதலாளி முஸ்லிம். தொழிலாளிகளில் பாதிப்பேர் இந்துக்கள், பாதிப்பேர் முஸ்லிம்கள். பூஜை அன்று முதலாளி வெள்ளை ஜிப்பாவில் வந்து ஓரமாக நிற்பார். பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் பொரிப் பொட்டலத்தைக் கை நீட்டி வாங்கிக்கொள்வார். ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடாவைக் குடும்பங்களுக்குத் தன் கையாலேயே கொடுப்பார். பொட்டு வைப்பது மேஸ்திரியின் உரிமை. அந்தக் கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தபடி பழைய ஆள் அவர்தான். ஒவ்வொரு மோட்டாருக்கும், ஒவ்வொரு டிரம்மின் அச்சுக்கும் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். மற்றவர்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள்.

மூன்றாவது டிரம்மின் அருகில் என் மனைவி நின்றுவிட்டாள். தட்டு இன்னும் முந்தின டிரம்மில் இருந்தது.

டிரம்மின் பக்கவாட்டில், அச்சு ஒரு பெரிய வட்டத் தகட்டோடு சேரும் இடம். அந்த மூலையிலிருந்து ஒரு சிவப்பு ஒழுகல் கீழே இறங்கியிருந்தது. அலுமினியப் பெயின்ட்டின் மேல் நூல் பருமன், கீழே வர வரக் கொஞ்சம் அகலம். காய்ந்திருந்தது.

"அது போன வருஷக் குங்குமம்மா" என்றார் மேஸ்திரி. "ஆவியில ஊறி வழிஞ்சிருக்கு. எல்லா டிரம்முலயும் இருக்கும் பாருங்க."

இருந்தது. மற்ற டிரம்களிலும் பழைய பொட்டுகள் வழிந்து கறையாகத்தான் நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். மற்றவற்றில் கறை பொட்டிலிருந்து கிளம்பியது. மூன்றாவது டிரம்மில் மட்டும் மூலையிலிருந்து கிளம்பியது. பொட்டு இருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

தம்பியிடம் துடைக்கிற நூல்கழிவைக் கேட்டு வாங்கி, அந்தச் சிவப்பை அழுத்தித் துடைத்தாள். முழுவதும் போயிற்று. பிறகு மேஸ்திரியிடம், "இந்த ஒரு டிரம்முக்கு மட்டும் இன்னிக்குக் குங்குமம் வெக்காதீங்க. நாளைக்கு ஓடினப்புறம் பாக்கணும்" என்றாள்.

மேஸ்திரியின் கை அப்படியே நின்றது. "பூஜை அன்னிக்குப் பொட்டு இல்லாமயா? இன்னாம்மா பேசற?"

"சந்தனம் வெச்சிக்கோங்க. குங்குமம் மட்டும் வேணாம்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, இது தன் விஷயமில்லை என்பதுபோல் பேடாப் பெட்டியைப் பார்த்தார். மச்சான்தான் நடுவில் புகுந்தான். "விடுங்க மேஸ்திரி. எங்கக்கா இரும்பு டாக்டரு. நாளைக்கு நானே வெச்சிடறேன்." மேஸ்திரி சந்தனத்தை மட்டும் அப்பிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த டிரம்முக்குப் போனார்.

மறுநாள் விஜயதசமி. இயந்திரங்களை மறுபடி ஓட்டுகிற நாள். மாலையில் என் மனைவியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. மூலையிலிருந்து சிவப்பு இறங்கியிருந்தது.

அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கினாள். "துரு" என்றாள். "உள்ள விரிசல் இருக்கு. டிரம் சுத்தும்போது அது வாய் திறந்து மூடுது. மூடும்போது துப்புது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் கேட்டுச் சில ஸ்ப்ரே டப்பாக்களை எடுத்துக்கொண்டு இருவரும் ஆம்பூர் போனோம். நின்றிருந்த டிரம்மின் மூலையில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் ஒரு சிவப்பு மையை அடித்தாள். காத்திருந்து துடைத்தாள். அதன் மேல் வெள்ளைப் பொடியை அடித்தாள். சிவப்பு மை விரிசலுக்குள் போய் ஒளிந்திருக்கும், வெள்ளைப் பொடி அதை வெளியே உறிஞ்சும் என்று விளக்கினாள். நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்தபடி நின்றோம். வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், லேசான வளைவு.

"நீயே குங்குமத்தப் பூசிட்டு நீயே எடுத்துக் காட்டறியேம்மா" என்றார் மேஸ்திரி. முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அங்கேயே நின்று கோயம்புத்தூருக்குப் போன் செய்து புது அச்சுக்குச் சொன்னார். வார்ப்பு ஆலைக்காரர் தீபாவளிக்கு முன்னால் முடியாது என்றார். ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள், வந்த பிறகு முதல் வேலை உங்களுடையதுதான் என்றார். முதலாளி இரண்டு முறை குரலை உயர்த்தினார், ஒரு முறை கெஞ்சினார். போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் வந்தார்.

"அம்மா, நீங்க சொல்றத நம்பாம இல்ல. பாத்துட்டேன். ஆனா ஊற வெச்ச தோலு நம்ப பேச்சக் கேக்காது. சுண்ணாம்பு ஏறின சரக்கு வரிசையில நிக்குது. இப்ப நிறுத்தினா அழுகிடும்."

"வேற டிரம்ல பிரிச்சுப் போட முடியாதா?"

"மத்ததெல்லாம் சின்னது, அதுங்களும் ரொம்பி இருக்கு. ஒரு லாட்ட ரெண்டா பிரிச்சா ரெண்டு நிறம் வரும்மா. ஷூ கம்பெனிக்காரன் கேப்பான், இன்னா பாய், எடது காலுக்கு ஒண்ணு வலது காலுக்கு ஒண்ணான்னு. பெரிய பேஜார்."

அப்போதுதான் மச்சான் அந்த யோசனையைச் சொன்னான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. திருகைத் திருப்பினால் போதும். "பாதி வேகத்துல ஓட்டுவோம் முதலாளி. தீபாவளி வரைக்கும் அலுங்காம குலுங்காம கொண்டு போய்டலாம்." எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்தது. மேஸ்திரிகூடத் தலையாட்டினார். முதலாளி உடனே சம்மதித்தார். டிரம்மைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். வேலையில்லாத யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது.

வேலை இருக்கிற ஒருவன் தாண்டித்தான் ஆகவேண்டும். அமிலத்தை மொத்தமாகக் கொட்ட முடியாது, தோல் வெந்துவிடும். பங்கு பங்காக, இடைவெளி விட்டு, டிரம்மின் பக்கத்தில் இருக்கிற பலகை மேடையில் ஏறி ஊற்ற வேண்டும். அந்த வேலை மச்சானுடையது.

திரும்பும்போது என் மனைவி பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மெதுவா ஓட்டறது தப்பு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னாள். அச்சின் மேல் இருக்கிற சுமை டிரம்மின் எடை. வேகத்தைக் குறைத்தால் எடை குறையாது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை விரிசல் கீழ்ப்பக்கம் வரும்போது திறக்கும், மேல்பக்கம் போகும்போது மூடும். வெறுங்காற்றில் என்றால், திறந்து மூடுவது வேகமா மெதுவா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. டிரம்மிலிருந்து உப்பும் அமிலமும் கசிகிற இந்த மூலையில் அப்படி இல்லை. மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் விரிசலின் வாய் அதிக நேரம் திறந்திருக்கும். தண்ணீர் நுனிவரை போக நேரம் கிடைக்கும், நுனியில் இருக்கிற புது உலோகத்தைத் தின்ன நேரம் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் விரிசல் கூடுதலாக நகரும்.

"ஆனா சுத்து கம்மியாகுமே?" என்றேன்.

"எங்க கம்மியாகும்? தோலுக்கு இத்தன சுத்து வேணும்னு கணக்கு இருக்குல்ல. மெதுவா ஓட்டினா ரொம்ப நேரம் ஓட்டுவாங்க."

அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அக்கா, வண்டியில ஸ்ப்ரிங் பட்டை உடைஞ்சா இன்னா பண்ணுவோம்? மெதுவாதானே ஓட்டுவோம்?"

"அது குழியில விழுந்து எகிறக் கூடாதுன்னு. இது குழி இல்லடா."

"இங்க வந்து பாரு, ஆட்டமே இல்ல. சத்தமும் கம்மி. மின்ன கடகடன்னு இருந்துச்சு, இப்ப தொட்டில் மாதிரி போவுது."

"ஆட்டம் குறையும், அது உண்மைதான். அந்தளவுக்கு நல்லது. ஆனா தண்ணி..."

"மாமா, இருக்கீங்களா? உங்க பொண்டாட்டி எங்க டிரம்முக்கு ஜாதகம் எழுதறாங்க. கல்யாணப் பொருத்தமும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

நான் சிரித்தேன். அவள் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்து, "பழைய வேகத்துலயே ஓட்டச் சொன்னேன். முதலாளிகிட்ட சொல்றேன்னான்" என்றாள். "சொல்லுவானா?" "சொல்லுவான். அவர் கேக்க மாட்டாரு. நான்கூடக் கேக்க மாட்டேன். ஒரு இரும்பு விரிஞ்சிருக்கு, அத வேகமா சுத்துன்னு ஒருத்தி வந்து சொன்னா யாரு கேப்பா?"

அந்த நாட்களில் நான் செய்யக்கூடியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்கலாம். மச்சானிடம் கேட்டேன். "மாமா, உங்களுக்குப் புண்ணியமா போவும். சீல் வெச்சான்னா தீபாவளிக்கு அத்தினி பேரும் வீட்ல உக்காரணும். நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா ஆம்பூர்ல வேற எவனும் சேக்க மாட்டான்." அவனையாவது லீவு போடச் சொன்னோம். அவன் போட்டால் மேடையில் வேறொருவன் ஏறுவான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்றான். இவனுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று என் மனைவி பிறகு என்னிடம்தான் சொன்னாள்.

பத்திரிகையில் எழுதலாமா என்றும் நினைத்தேன். என்ன எழுதுவது? ஒரு டேனரியில் ஓர் அச்சில் ஒரு விரிசல் இருக்கிறது என்பது செய்தி இல்லை. நடந்ததைத்தான் அச்சிடுவோம். நடந்துகொண்டிருப்பது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இரும்புக்குள் நடந்துகொண்டிருப்பது, எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது.

மழை பிடித்துக்கொண்டது. டேனரிக்குள் எப்போதும் இருக்கிற ஈரத்தோடு வெளியீரமும் சேர்ந்தது. என் மனைவி சோதனைக்கூடத்தில் யார் கண்ணிலும் படாத நேரத்தில் சும்மா கிடந்த ஓர் இயந்திரத்தில் ஒரு துண்டை மாட்டி, கோப்பையில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மெதுவான இழுப்பில் ஓட விட்டாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றாள். அந்தத் துண்டுக்கும் அந்த அச்சுக்கும் சம்பந்தமில்லை, உலோகம் வேறு, அளவு வேறு, இதை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று அவளே சொன்னாள். ஆனால் தினமும் காலையில் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். அது உடைந்த அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை. நான்தான் இரண்டு நாள் கழித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தினம் மாலையில் தம்பியிடமிருந்து படம் வரும். அவள் கேட்டிருந்தாள். சிவப்பு மையையும் வெள்ளைப் பொடியையும் அவனிடமே கொடுத்து வைத்திருந்தாள். கோடு நீண்டுகொண்டு போயிற்று. அவன் படத்தோடு ஏதாவது கேலி அனுப்புவான். ஒரு நாள், "உன் மருமக நல்லா வளர்றா" என்று எழுதியிருந்தான். அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். முதலாளிக்கும் அந்தப் படங்கள் போயின. கோயம்புத்தூருக்குத் தினமும் போன் போடுகிறார் என்று மச்சான் சொன்னான். வரிசையில் நின்ற சரக்கில் கடைசி லாட் உள்ளே போய்விட்டது, அது வெளியே வந்ததும் மூன்றாவது டிரம்மை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார் என்றும் சொன்னான். அன்று அவள் இரவுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

கடைசி லாட் வெளியே வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். மச்சான் மேடையில் ஏறி அமிலத்தின் மூன்றாவது பங்கை ஊற்றிவிட்டு, வாளியோடு இறங்கக் காலெடுத்து வைத்தான். அச்சு மூலையில் அறுந்தது. டிரம்மின் ஒரு பக்கம் கான்கிரீட் தூணில் இறங்கி, சாய்ந்து, மேடையை அழுத்தியது. பலகை மடங்கி அவனுடைய வலது காலைப் பிடித்துக்கொண்டது. மூடி திறந்து தோலும் தண்ணீரும் கொட்டின. கயிற்றுக்கு வெளியே நின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரிதான் முதலில் ஓடிப் போய் அவன் முகத்தைத் தண்ணீர்க் குழாயால் கழுவினார் என்று பிறகு தெரிந்தது. அதனால் கண் தப்பியது.

மாலையில் ஆம்பூர் நிருபரின் செய்தி வழக்கம்போல் அலுவலகத்துக்கு வந்தது. அதற்குள் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் தயங்கித் தயங்கிப் போனுக்கு அனுப்பியிருந்தார், ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று. சின்னச் செய்தி. 'டிரம்மின் அச்சு எதிர்பாராதவிதமாக உடைந்து' என்று இருந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். எதிர்பாராதவிதமாக லாரி மோதியது, எதிர்பாராதவிதமாகச் சுவர் இடிந்தது. நானே எத்தனை முறை சேர்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லிப் பதில் அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் அந்தச் சொல் இருந்தது. என் பதில் போய்ச் சேருவதற்குள் பக்கம் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் கம்பெனி ஆட்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி பெஞ்சில் உட்கார்ந்து, கையில் தஸ்பீஹ் மாலையை வைத்துக்கொண்டு மணிகளை உருட்டாமல் இருந்தார். மேஸ்திரி என் மனைவியிடம் வந்தார். அழுதிருந்தார். நல்ல மனிதர், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறவர்.

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா. எல்லாத்துக்கும் வெச்சேன். அது ஒண்ணுக்குத்தான் வெக்க வுடல நீ."

மச்சான், மறுநாள் நானே வைத்துவிடுகிறேன் என்றானே, அவன் வைக்கவில்லை. பொடியும் மையும் அடித்துப் படம் எடுக்கிற இடம் என்று விட்டுவிட்டான். சுவரோரம் நின்றவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஆமாங்க மேஸ்திரி" என்றாள்.

சில நாட்கள் கழித்து உடைந்த அச்சைப் பார்க்க வேண்டும் என்றாள். கம்பெனியின் பின்பக்கம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். உடைந்த முகம் என் இரண்டு உள்ளங்கை அகலம். பெரும்பகுதி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் பிறைபோல் கொஞ்சம் பளபளப்பாக, சொரசொரப்பாக இருந்தது. கடைசி நொடியில் உடைந்தது அந்தப் பளபளப்பான பிறை மட்டும்தான் என்றாள். மீதியெல்லாம் அதற்கு முன்பே உடைந்தாகிவிட்டது. கறுத்த பகுதியில் வளைந்த கோடுகள் இருந்தன. பாலாற்றில் தண்ணீர் வந்து வடிந்த பிறகு மணலில் நிற்குமே, அந்த மாதிரி. டிரம் நின்ற நாட்களில் அந்தக் கோடு விழும், விரிசல் அங்கே நின்று துருப்பிடித்துவிட்டு மறுபடி கிளம்பும் என்றாள். ஆரம்பத்துக் கோடுகள் நெருக்கமாக இருந்தன. எத்தனை ஆயுதபூஜைகளுக்கு முந்தியவையோ தெரியவில்லை. கடைசிக் கோடுகளுக்கு நடுவே என் விரல் புகும்போல் இருந்தது.

"இதுதான் மெதுவா ஓட்டினதா?" என்று கேட்டேன்.

கடைசிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "விரிசல் பெருசானா இடைவெளி தானாவே அகலமாகும். மெதுவா ஓட்டினதாலயும் ஆகியிருக்கலாம். பிரிச்சுச் சொல்ல முடியாது." சாக்கை இழுத்து மூடினாள். "பழைய வேகத்துல ஓட்டியிருந்தாலும் உடைஞ்சிருக்கலாம். ஒரு லாட் முன்ன பின்ன."

புது அச்சு தீபாவளிக்குப் பிறகு வந்தது. அதே இடத்தில், அதே கசிவுக்குக் கீழே பூட்டினார்கள். மேஸ்திரி உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்தார். மூலை தெரியாத அளவுக்கு.

மச்சானின் காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். டாக்டர் இளைஞர், நிதானமாகப் பேசினார். எலும்பு சேரும் வரை பிளேட் தாங்கும், சேர்ந்த பிறகு எலும்பு தாங்கும், அதுவரை காலை முழுசாக ஊன்றக் கூடாது என்றார். என் மனைவி ஒரு கேள்விதான் கேட்டாள். பிளேட் என்ன உலோகம் என்று. அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "அது நல்ல உலோகம்தான். என் கோப்பையில போட்டிருக்கேன்" என்றாள். உடம்புக்குள் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான் என்று எனக்கே தெரியும்.

பொங்கலுக்கு ஆம்பூர் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் சேரவில்லை, அடுத்த மாதம் வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே மச்சான் வாக்கர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். வாக்கரில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவன் இடத்தில் போட்ட ஆள் அமிலத்தை அவசரமாக ஊற்றி ஒரு லாட்டைக் கெடுத்துவிட்டானாம். முதலாளி எதுவும் சொல்லவில்லை, இவனாகத்தான் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

"டேய், ஊனாதன்னு சொன்னாங்கல்ல" என்றாள்.

"வலியே இல்லக்கா. வலிச்சா நிறுத்த மாட்டேனா?"

"வலிக்காதுடா. இப்ப உன்னத் தாங்கறது எலும்பு இல்ல, பிளேட்டு."

"சும்மா பயப்படற. பாரு." சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். குழந்தையை வைப்பதுபோல் பாதத்தைத் தரையில் வைத்து, எடையை அதன் மேல் ஏற்றி, கொஞ்சம் நின்று, பிறகு எடுத்தான். "எவ்ளோ மெதுவா நடக்கறேன் பாத்தியா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. லுங்கிக்குக் கீழே தெரிந்த காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த பொங்கல் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. அவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். "போதும், உக்காரு" என்றாள். அவன் சிரித்துவிட்டு இன்னொரு முறை வாசல் வரை போனான்.